பார்வையிட வந்த யானை ராஜா

வேங்கைக்காட்டில் பாறைமேல் ஒரு களஞ்சியம் இருந்தது. மழைக் களஞ்சியம் என்று அதற்குப் பெயர். தினை முற்றும்போதெல்லாம் எலி, அணில், புறா எல்லாம் தங்கள் பங்கைக் கொண்டுவந்து அதில் கொட்டும். வெள்ளம் வந்தால் ஒழிய அதை யாரும் தொடக்கூடாது. சாவி மந்திரிக் குரங்கிடம் இருந்தது.

அந்த ஐப்பசியில் ஆறு கரையை உடைத்தது. செம்பி என்ற வயலெலி தன் மூன்று குட்டிகளையும் ஒவ்வொன்றாக வாயில் கவ்வி மேட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தது. வளை போயிற்று. சேர்த்து வைத்த தீனியும் போயிற்று.

செம்பி நேராகக் குரங்கிடம் ஓடியது.

"ஐயா, களஞ்சியத்தைத் திறந்துவிடுங்க. குட்டிங்க நேத்துலேர்ந்து பட்டினி."

"திறக்கலாம்மா. அதுக்கு முன்னாடி ராஜா வந்து சேதத்தைப் பார்வையிடணும். அதுதான் முறை."

"ராஜா எப்போ வருவார்?"

"ஏற்பாடெல்லாம் ஆகணுமில்ல?"

என்ன ஏற்பாடு தெரியுமா? யானை ராஜா நனையாமல் நிற்க ஒரு பந்தல். பந்தல் போட்ட காட்டுப்பன்றிகளுக்குக் கூலி. வாழ்த்துப் பாட வந்த கிளிகளுக்குச் சன்மானம். கூட வரும் பரிவாரத்துக்கு மூன்று வேளை விருந்து. எல்லாம் மழைக் களஞ்சியத்துத் தினைதான்.

அணில் ஒன்று பொறுக்க முடியாமல் கேட்டது: "இது வெள்ளத்துக்குன்னு நாங்க போட்ட தினையாச்சே?"

"இதுவும் வெள்ளச் செலவுதானே? வெள்ளம் வராட்டி ராஜா எதுக்கு வரப்போறார்?" என்றது குரங்கு. வெட்கம் மருந்துக்கும் இல்லை.

மூன்றாம் நாள் காலையில் செம்பியின் கடைக்குட்டி கண் திறக்கவில்லை. அன்றுதான் ராஜா வந்தார்.

வழியெல்லாம் சேறு. "ராஜாவுக்குக் கால் வழுக்கும்! தினையைத் தூவுங்க!" என்று குரங்கு கத்தியது. மிச்சமிருந்த மூட்டைகளையும் அவிழ்த்துச் சேற்றில் கொட்டினார்கள். ராஜா அதன்மேல் நடந்து வந்தார். மேட்டைப் பார்த்தார். "ஐயோ பாவம்" என்றார். போய்விட்டார்.

அதன்பிறகு முறைப்படி களஞ்சியம் திறக்கப்பட்டது. உள்ளே துடைத்து வைத்தாற்போல் இருந்தது. செம்பி ராஜாவின் கால்தடங்களைத் தோண்டி, சேறு அப்பிய தினையைப் பொறுக்கித்தான் மற்ற இரண்டு குட்டிகளையும் பிழைக்க வைத்தது. தான் போட்ட தினையையே ஒரு தாய் இப்படியா பொறுக்க வேண்டும்?

மழை ஓய்ந்தது. தையில் தினை முற்றியது. குரங்கு பழையபடி கோணியோடு வந்து நின்றது.

"மழைக் களஞ்சியத்துக்குப் பங்கைக் கொண்டுவாங்க!"

யாரும் அசையவில்லை. செம்பி முன்னால் வந்து, மேட்டின்மேல் எல்லாரும் குவித்திருந்த தினையைக் காட்டியது.

"இதோ இருக்கு பங்கு. ராஜாவைக் கூட்டிட்டு வாங்க. நல்லா பார்வையிட்டுட்டுப் போகட்டும்."

குரங்கு விழித்தது. "பார்வையிடவா? அப்போ தினை?"

"என் குட்டி பசியில கிடந்தப்போ நீங்க பார்த்துட்டுத்தானே போனீங்க. நாங்களும் அதையேதான் தர்றோம்."

குரங்கு வெறுங்கோணியைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பியது. அந்த வாரமே மேட்டில் புதுக் களஞ்சியம் எழுந்தது. அதற்குப் பூட்டு இல்லை. கதவை எலிக்கு எட்டும் உயரத்தில் வைத்தார்கள்.

ஆபத்துக்கென்று ஊர் சேர்த்ததை ஆடம்பரத்தில் கரைக்கிறவர்களுக்கு, அடுத்த முறை ஊரிடம் கைநீட்ட உரிமையில்லை.