இரண்டு சாவி போட்ட மதகு

உன்னைத்தான் சொல்கிறேன், பின்னால் திரும்பிப் பார்க்காதே. இவனுக்குக் கொஞ்சம், அவனுக்குக் கொஞ்சம் என்று பங்கு வைத்துவிட்டு, "நான் எந்தப் பக்கமும் சாயாதவன்" என்று மார்தட்டுகிறாயே, உன்னைத்தான். உன் நாட்டில் செத்தவர்கள் மேல் உன் கைகூடப் படவில்லை என்பாய். தெரியும். ஒரு கதை சொல்கிறேன், உட்கார். மற்றவர்களும் கேளுங்கள்.

ஏரிகளுக்கு மனிதரைப் போலப் பெயர் வைத்துக் கூப்பிட்ட காலத்தில், நெடுங்கரை என்று ஒரு நாடு இருந்தது. நாட்டுக்கு ஒரு ராஜா. ராஜாவுக்கு ஓர் ஏரி. ஏரிக்குக் கீழே, அதன் காலடியில், கீழத்தெரு.

அந்த நாட்டில் இரண்டு கட்சி. ஒரு கட்சிக்காரர்கள் வாகைப்பூ சூடுவார்கள். இன்னொரு கட்சிக்காரர்கள் தும்பைப்பூ சூடுவார்கள். எதற்காகப் பிரிந்தார்கள் என்று கேட்டால் இருவருக்குமே தெரியாது. ஆனால் மதகின் சாவி வாகைக்காரனிடம் இருந்தால் தும்பைக்காரன் வயல் வெடிக்கும். தும்பைக்காரனிடம் இருந்தால் வாகைக்காரன் வயல் வெடிக்கும். யாரிடம் இருந்தாலும் கீழத்தெருவுக்குக் கண்டம். ஏரி நிரம்பும்போது, எதிரி வயலுக்குப் போய்விடுமே என்று மதகைத் திறந்து ஓடையில் தண்ணீரை விடாவிட்டால், கரை உடைந்து அந்தத் தெருவின் மேல்தான் இறங்கும்.

கீழத்தெருவில் சாத்தி என்று ஒருத்தி உப்பு விற்றாள். பேரத்தில் அவளை ஜெயித்தவர் கிடையாது. முதல் விலைக்கு அவள் தலையாட்டியதை யாரும் பார்த்ததில்லை. விடிந்ததும் ஏரிக்கரை அம்மனுக்கு விளக்கேற்றிவிட்டுத்தான் உப்பு மூட்டையைத் தொடுவாள். அவளுக்கு இரண்டு தோழிகள். ஒருத்தி பெருமாள் கோயிலுக்கு மாலை கட்டும் பொன்னாச்சி. இன்னொருத்தி சமணப் பள்ளியில் பாடம் சொல்லும் துறவி. குரத்தி அம்மை என்பார்கள். மூவருக்கும் சாமி வேறு, பூசை வேறு, சோறுகூட வேறு.

ஒரு நாள் சாத்தி சொன்னாள்: "என் அம்மன் ஆள் பார்த்து மழை கொடுக்கல அம்மை. இவனுங்க யாரு ஆள் பார்த்துத் தண்ணி விட?"

பொன்னாச்சி, "என் பெருமாளும் அப்படித்தான்" என்றாள். குரத்தி அம்மை, "எறும்புக்கும் அந்தத் தண்ணீரில் பங்கு உண்டு" என்றார்.

அன்று மூவரும் சத்தியம் செய்தார்கள். எந்தப் பூவும் சூடாத ஒருவர் கைக்கு மதகுச் சாவி வரும்வரை, தாங்களும் தலையில் பூ வைப்பதில்லை.

புருஷன் உயிரோடு இருக்கும்போது பூவை எடுப்பது லேசான காரியமா? தெருவே காறித் துப்பியது. "அடியே சாத்தி, உன் வீட்டுக்காரன் கல்லு மாதிரி இருக்கான், உனக்கு என்னடி கேடு?" என்றாள் அண்டை வீட்டுக்காரி. "அந்தத் துறவியம்மாவுக்கு என்ன நஷ்டம்? மொட்டைத் தலை. எந்தப் பூவும் நிக்காது!" என்று சிரித்தான் ஒருவன். குரத்தி அம்மையும் சேர்ந்து சிரித்தார். சாத்திக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

முதல் முறை அரண்மனைக்குப் போனார்கள். "நீங்கள் எந்தக் கட்சி?" என்றான் ராஜா. "எதுவும் இல்லை" என்றார்கள். "அப்படியானால் உங்களுக்காகப் பேச ஆள் இல்லை" என்று அனுப்பிவிட்டான்.

இரண்டாம் முறை போனார்கள். "பூ சூடாத ஒருவனைக் காட்டுங்கள், சாவியைத் தருகிறேன்" என்றான். ஊரெல்லாம் தேடி ஒரு குயவரைக் கூட்டி வந்தார்கள். நேர்மையான மனிதர். மறுநாள் சாவி வாங்க வரும்போது அவர் காதில் வாகைப்பூ இருந்தது. அவர் சாத்தியை நிமிர்ந்து பார்க்கவில்லை. "சூளையைக் கொளுத்திருவேன்னாங்க தாயி" என்றார்.

மூன்றாம் முறை போனபோது சாத்தி பேரம் பேசினாள். "ஆம்பளை கிடைக்கலேன்னா எங்க மூணு பேர்ல ஒருத்தி கையில கொடுங்க, ராசா. எங்க தலையைப் பாருங்க. பூ இருக்கா?"

ராஜா கெட்டிக்காரன். தாடியைத் தடவிக்கொண்டு சொன்னான்: "அதைவிட நல்ல வழி இருக்கிறது, உப்புக்காரி. மதகுக்கு இரண்டு பூட்டு. ஒரு சாவி வாகைக்கு, ஒரு சாவி தும்பைக்கு. இருவரும் சேர்ந்து வந்தால்தான் திறக்கும். யாருக்கும் ஓரவஞ்சனை இல்லை. நீ கேட்ட நடுநிலை இதுதானே?"

"நாங்க கேட்டது ஒத்தைச் சாவி" என்று வாயெடுத்தாள் சாத்தி. ஆனால் அதற்கு மேல் பேசவில்லை.

ஏன் பேசவில்லை, கேளுங்கள். அவள் மகள் வடிவுக்கு ஏழாம் மாதம். அந்த வாரம் வளைகாப்பு. "பூவில்லாத தலையோட வந்து எங்க மருமக கையில வளையல் போடக்கூடாது" என்று சம்பந்தி வீட்டில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். வளைகாப்பு நடக்காவிட்டால் மகளைப் பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு அனுப்ப மாட்டார்கள். இதோடு சத்தியம் தீர்ந்தது என்று வைத்துக்கொண்டால் பூ வைக்கலாம். சாத்தி பெற்றவள். உப்புக்கு விடாத பிடியை அன்றைக்கு விட்டாள். "சரி ராசா" என்றாள். பொன்னாச்சியும் களைத்திருந்தாள். குரத்தி அம்மை மட்டும், "சாத்தி, அவர் தருவது பாதி அல்ல, இரண்டு பங்கு அநியாயம்" என்றார். சாத்தி காதில் போட்டுக்கொள்ளவில்லை.

வளைகாப்பு நடந்தது. தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு, சாத்திதான் மகள் கையில் முதல் பச்சை வளையலை ஏற்றினாள். வடிவைக் கீழத்தெருவுக்கு அழைத்து வந்தாள்.

ஐப்பசியில் மூன்று நாள் மழை. ஏரி தளும்பியது. சாத்தி நனைந்துகொண்டே வாகைக்காரன் வீட்டுக்கு ஓடினாள். "தும்பைக்காரன் வந்தானா?" என்றான் அவன். "அவன் முதல்ல வரட்டும். நான் முன்னால போய் நின்னா என் கட்சிக்கு என்ன மரியாதை?" தும்பைக்காரன் வீட்டுக்கு ஓடினாள். "வாகைக்காரன் ஆள் விட்டுக் கூப்பிடட்டும், வர்றேன்" என்றான் அவன். மறுபடி அங்கே ஓடினாள். காலில் விழுந்தாள். "என் மக நிறைமாசமாப் படுத்திருக்கா சாமி" என்றாள். இருவரும் இரக்கப்பட்டார்கள். இருவரும் எழுந்திருக்கவில்லை. பட்டப்பகலில், இரண்டு சாவியும் இரண்டு இடுப்பில் பத்திரமாக இருக்க, கரை உடைந்தது.

கீழத்தெருவில் நாற்பது வீடு போயிற்று. தண்ணீர் வடிந்த பிறகு, சேற்றில் ஒரு கை முதலில் தெரிந்தது. பச்சை வளையல் எல்லாம் அப்படியே இருந்தன. ஒன்றுகூட உடையவில்லை.

சாத்தி தலையில் மிச்சமிருந்த பூ நாரைப் பிடுங்கி எறிந்துவிட்டு அரண்மனைக்குப் போனாள். ராஜா வருத்தத்தோடுதான் பேசினான். "இருவருக்கும் சமமாகத்தானே கொடுத்தேன்? நீயும்தானே சரி என்றாய்?"

பேச்சுக்குப் பேச்சு அறைகிறவள் சாத்தி. அன்று வந்த வழியே திரும்பி நடந்தாள்.

கரையைக் கட்டினார்கள். புது மதகு வைத்தார்கள். அதற்கும் இரண்டு பூட்டுதான். மூன்று பெண்களும் பூவில்லாமல் அதன் எதிரே உட்கார்ந்தார்கள். யாரும் கேட்கவில்லை. பொன்னாச்சி செத்தாள். குரத்தி அம்மை சோறு தண்ணீரை விட்டு வடக்கிருந்து உயிர்விட்டார். சாத்தி தனியாக உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு ஐப்பசியிலும் ஏரியைப் பார்த்து, "நான் சரின்னு சொன்னேனே, நான் சரின்னு சொன்னேனே" என்பாள். அம்மன் விளக்கை மட்டும் ஏற்றினாள்.

இந்தக் கதையின் நீதி இது: நடுநிலை என்பது இரண்டு பக்கத்துக்கும் பங்கு கொடுப்பதல்ல, எந்தப் பக்கத்துக்கும் பங்கு இல்லாமல் செய்வது, அதில் பேரத்துக்குப் படிகிறவர் பெற்ற பிள்ளையைத்தான் விலையாகக் கொடுப்பார்.

கேட்டாயா? இப்போதாவது தலையைத் தொங்கப்போடாதே. உன் மதகிலும் இரண்டு பூட்டுத் தொங்குகிறது. உன் வாசலிலும் பூ வைக்காத பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். மேகம் கறுத்துவிட்டது. எழுந்து போய் அந்தப் பூட்டுகளை உடை. ஒரே பூட்டுப் போட்டு, அதன் சாவியை அவர்களில் ஒருத்தி கையில் கொடு. நாளைக்கு அல்ல. இன்றைக்கே கொடு.