இருவாச்சி கட்டிய கயிற்றுப் பாதை

செங்கண்ணன் என்ற ஆண் இருவாச்சிப் பறவைக்கு அந்தப் பருவத்தில் ஒரே ஒரு வேலைதான் இருந்தது. பழம் கொண்டுவர வேண்டும். அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அவன் செய்தான்.

அவன் மனைவி பூவாயி உயரமான மரம் ஒன்றின் பொந்துக்குள் இருந்தாள். முட்டையிடும் காலம் வந்ததும் இருவாச்சிப் பெண்கள் செய்வதைத்தான் அவளும் செய்தாள். பொந்துக்குள் போய் உட்கார்ந்து, மண்ணையும் எச்சத்தையும் குழைத்து, வாசலைச் சுவர் வைத்தது போல அடைத்துவிட்டாள். அலகு நுழையும் அளவுக்கு ஒரு பிளவை மட்டும் விட்டுவைத்தாள். உள்ளே அவளுடைய இறகுகள் உதிர்ந்துவிட்டன. புதிதாக முளைக்கும் வரை பறக்க முடியாது. முட்டை பொரிந்து குஞ்சும் வந்துவிட்டது. தாய்க்கும் குஞ்சுக்கும் செங்கண்ணன் கொண்டுவரும் அத்திப்பழம்தான் சாப்பாடு.

அந்த மரத்தைப் பூவாயி சும்மா பிடித்துவிடவில்லை. காடு முழுக்கச் சுற்றிப் பார்த்துத்தான் தேர்ந்தெடுத்தாள். ஓடைக்கரையில் அது தனியாக நின்றது. வேறு எந்த மரத்தின் கிளையும் அதைத் தொடவில்லை. அடிமரமோ நனைந்த பாறை மாதிரி வழுக்கும். முட்டையும் குஞ்சும் தேடி அலையும் மஞ்சள் கழுத்து மரநாய் அதில் ஏறிப் பார்த்து, சறுக்கி விழுந்து, முனகிக்கொண்டே போயிருந்தது.

செங்கண்ணன் கெட்டவன் இல்லை. மனைவிமேல் பிரியம் உள்ளவன்தான். ஆனால் புதுசாக எதையாவது பார்த்துவிட்டால், வந்த வேலை அவனுக்கு மறந்துபோகும்.

மேட்டில் இருந்த அத்திமரத்தடியில் சடையன் என்ற குரங்கு குடியிருந்தான். அருவியில் குளிக்க வரும் மனிதர்கள் விட்டுவிட்டுப் போகும் சாமான்களைப் பொறுக்கி வந்து, பாறை இடுக்கில் கடை மாதிரி பரப்பி வைத்திருந்தான். மரம் ஏறுவது அவனுக்கு இப்போதெல்லாம் அலுப்பு. யாராவது பழம் பறித்துக் கொடுத்தால் பதிலுக்கு ஒரு சாமான் கொடுப்பான்.

"வாங்கண்ணே! இதைப் பாருங்க. பொத்தானை அமுக்கினா காத்து வரும்!"

சடையன் கையில் ஒரு சின்ன பேட்டரி விசிறி. அது கிர்ரென்று சுற்றியது. செங்கண்ணனுடைய சிவந்த கண்கள் இன்னும் பெரிதாயின. பூவாயிக்காகப் பறித்துத் தொண்டையில் சேர்த்து வைத்திருந்த பழங்களை அப்படியே குரங்கின் முன்னால் கக்கினான். விசிறியைக் கவ்விக்கொண்டு பறந்தான்.

"பூவாயி, கண்ணை மூடிக்கோ!"

"எதுக்கு? பழம் எங்கே?"

"பழம் கிடக்கட்டும். உள்ளே உனக்குப் புழுக்கமா இருக்கும்ல? இந்தா!"

பிளவு வழியாக விசிறியைத் திணித்து, பொத்தானை அமுக்கினான். பொந்துக்குள் கிடந்த தூசியும் உதிர்ந்த இறகும் ஒன்றாகக் கிளம்பின. பூவாயி தும்மினாள். குஞ்சு தும்மியது. பூவாயி மறுபடியும் தும்மினாள்.

"அதை வெளியே எடுங்க! குஞ்சு கண்ணுல தூசி!"

"முதல்ல அப்படித்தான் இருக்கும். பழகிடும்."

"ஏங்க, எனக்குப் பழகவெல்லாம் வேண்டாம். பசிக்குது!"

செங்கண்ணன் முகம் வாடிப்போய் விசிறியை எடுத்தான். மறுபடி பறந்து போய்ப் பழம் கொண்டுவந்தான். பூவாயி ஒவ்வொன்றாக வாங்கிக் குஞ்சுக்கு ஊட்டினாள். அத்தோடு தீர்ந்தது என்று நினைத்தாள்.

தீரவில்லை.

அடுத்த நாள் ஒரு சாவிக்கொத்து வந்தது. அதில் சாவி இல்லை. விசிலடித்தால் கீச் கீச்சென்று பதில் கொடுக்கும் ஒரு வில்லைதான் தொங்கியது.

"இது எதுக்கு?" என்று கேட்டாள் பூவாயி. குரலில் பொறுமை கொஞ்சம்தான் மிச்சமிருந்தது.

"நான் தூரத்திலிருந்து விசிலடிப்பேன். இது கத்தும். நீ எங்கே இருக்கேன்னு எனக்குத் தெரிஞ்சிடும்!"

"நான் எங்கே போகப் போறேன்? சுவரை வச்சு அடைச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கேன்! இறகு கூட இல்லை!"

"இருந்தாலும் ஒரு பாதுகாப்புதானே."

சாவிக்கொத்தைப் பிளவுக்கு வெளியே மரத்தில் துருத்தி நின்ற ஒரு முண்டில் மாட்டிவிட்டு, அவன் பெருமையாகப் பறந்து போனான். ஓடைக்கரையில் ஒரு பூங்குருவி இருந்தது. பொழுது முழுக்கச் சீழ்க்கை அடித்துக்கொண்டே இருக்கும் ஜாதி. அது ஒரு தடவை சீழ்க்கை அடித்தால் சாவிக்கொத்து கீச்சென்றது. பூங்குருவிக்கு ஒரே குஷி. பாட்டுக்கு எதிர்ப்பாட்டு கிடைத்துவிட்டதே! அது விடாமல் அடிக்க, இது விடாமல் கத்த, குஞ்சு தூக்கமில்லாமல் அழ, பூவாயி சுவரில் தலையை முட்டிக்கொண்டாள்.

இந்தச் சத்தத்தைக் கேட்டு இன்னொருவரும் புதருக்குள்ளிருந்து தலையைத் தூக்கினார். மரநாய்தான். "ஓகோ, மேலே குஞ்சும் வந்துவிட்டதா!" என்று அது நாக்கைச் சுழற்றியது. ஆனால் மரம் வழுக்கும் என்று அதற்குத் தெரியும். பெருமூச்சு விட்டபடி, ஏதாவது வழி பிறக்காதா என்று அங்கேயே சுற்றிச் சுற்றி வந்தது.

வழியைச் செங்கண்ணனே போட்டுக்கொடுத்தான்.

சடையனிடம் துணி காயப்போடும் நைலான் கயிறு ஒன்று இருந்தது. கைப்பிடி போட்ட ஒரு தகர டப்பாவும், ஒரு இரும்பு வளையமும் இருந்தன.

"அண்ணே, நீங்க ஏன் இப்படி அலையணும்?" என்றான் சடையன். "இந்த அத்திமரம் மேட்டுல இருக்கு. உங்க வீடு பள்ளத்துல இருக்கு. நடுவுல கயிறு கட்டிடுவோம். டப்பாவுல பழத்தைப் போட்டுத் தள்ளிவிட்டா, அதுவே வழுக்கிட்டுப் போய் அண்ணி வாசல்ல நிக்கும்!"

இவ்வளவு அருமையான ஒன்றைச் செங்கண்ணன் பார்த்ததே இல்லை. கூடு பார்த்து வந்த நாளிலிருந்து இவ்வளவு சுறுசுறுப்பாக அவன் எதையும் செய்ததும் இல்லை. கயிற்றின் ஒரு முனையைச் சடையன் அத்திமரத்தில் இறுக்கி முடிந்தான். மறுமுனையைச் செங்கண்ணன் கவ்விக்கொண்டு போய்ப் பொந்துக்கு மேலே இருந்த கிளையில் சுற்றிச் சுற்றிக் கட்டினான்.

"என்னங்க அது?" என்றாள் பூவாயி.

"பேசாம பாரு!"

மேட்டிலிருந்து டப்பா புறப்பட்டது. முதலில் மெதுவாக வந்தது. பிறகு வேகமாக வந்தது. பிறகு நிற்கத் தெரியாமல் வந்து படாரென்று மரத்தில் மோதியது. பழங்கள் நாலாபுறமும் சிதறி ஓடையில் விழுந்தன. ஒரே ஒரு பழம் மட்டும் பிளவு வழியாகப் பாய்ந்து பூவாயியின் நெற்றியில் பட்டு நசுங்கியது.

செங்கண்ணன் மூச்சிரைக்கப் பறந்து வந்தான். "எப்படி? எப்படி இருந்தது?"

"இப்ப ஏன் பறந்து வந்தீங்க?"

"காலி டப்பாவை மேலே எடுத்துட்டுப் போகணுமே."

பூவாயி டப்பாவையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள். நெற்றியில் பழச்சாறு வழிந்துகொண்டிருந்தது.

"டப்பாவைத் தூக்கப் பறந்து வர முடியுது. பழத்தைத் தூக்கிட்டுப் பறந்து வர முடியாதா?"

"உனக்கு எதைச் செஞ்சாலும் குறைதான்!" என்று அவன் கோபித்துக்கொண்டான்.

"குறை சொல்லலைங்க. இந்த மரத்தை நான் ஏன் பிடிச்சேன்? எதுவும் இதைத் தொடலைன்னுதானே? நீங்க இப்ப மேட்டிலிருந்து என் வாசலுக்குப் பாதை போட்டு வச்சிருக்கீங்க! அந்தக் கயிற்றை அவிழ்த்துடுங்க. கெஞ்சிக் கேட்கிறேன்."

"சரி, சரி, பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டு, அவன் டப்பாவைக் கவ்விக்கொண்டு மேட்டுக்குப் போனான்.

அங்கே சடையன் வேறொன்றைக் கையில் வைத்திருந்தான். தகர வாத்து. சாவி கொடுத்தால் தத்தித் தத்தி நடக்கும். செங்கண்ணன் டப்பாவைக் கீழே வைத்துவிட்டு வாத்தைப் பார்க்க உட்கார்ந்தான். வாத்து நடந்தது, விழுந்தது. மறுபடி சாவி கொடுத்தார்கள்.

உச்சிவெயில் நேரம். பள்ளத்திலிருந்து பூவாயியின் குரல் கேட்டது. கரகரவென்று காடே அதிரும் குரல்.

"அண்ணி கூப்பிடுறாங்க போலிருக்கே" என்றான் சடையன்.

"அவளுக்கு எப்பவும் அவசரம்தான். நீ சாவி கொடு."

மறுபடியும் அந்தக் குரல். சடையன் நிமிர்ந்து பார்த்தான். கயிறு மேலும் கீழும் ஆடிக்கொண்டிருந்தது.

"அண்ணே, கயிறு ஆடுதே!"

செங்கண்ணன் திரும்பாமலே சிரித்தான். "ஆடத்தான் செய்யும். டப்பா போகுதுல்ல?"

"டப்பா உங்க காலடியில கிடக்கு."

செங்கண்ணன் டப்பாவைப் பார்த்தான். கயிற்றைப் பார்த்தான். அவர்கள் வாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோதே அத்திமரத்தில் ஏறிவிட்ட மஞ்சள் கழுத்து மரநாய், கயிற்றின் நடுவில், நான்கு கால்களாலும் பற்றிக்கொண்டு ஊர்ந்து போய்க்கொண்டிருந்தது.

"அவிழ்த்து விடு! சடையா, முடிச்சை அவிழ்த்து விடு!"

"இது அவிழாதண்ணே" என்றான் சடையன் பரிதாபமாக. "நல்லா நிக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க!"

செங்கண்ணன் பாய்ந்தான். அவன் போய்ச் சேருவதற்குள் மரநாய் பொந்து வாசலுக்கு வந்துவிட்டது. முன்கால்களால் மண்சுவரைப் பிராண்டியது. ஒரு கட்டி பெயர்ந்து விழுந்தது. பிளவு அகலமானது. உள்ளே குஞ்சு அலறியது. பறக்க முடியாத பூவாயி குஞ்சைத் தன் பின்னால் தள்ளிவிட்டு, அலகைப் பிளவுக்கு வெளியே நீட்டி நீட்டிக் குத்தினாள். மரநாயின் மூக்கில் ரத்தம். அது சீறிக்கொண்டு இன்னொரு கட்டியைப் பெயர்த்தது.

அந்த நொடியில் செங்கண்ணன் தன் கனத்த உடம்போடு வந்து அதன் விலாவில் மோதினான். மரநாய் திரும்பி அவன் இறக்கையைக் கடித்தது. அவன் விடவில்லை. அலகால் அதன் பிடியில் ஓங்கி ஓங்கி அடித்தான். கடைசியில் மரநாயின் பிடி நழுவியது. அது கிளையில் பட்டு, புதரில் புரண்டு, ஓடையில் விழுந்து, நொண்டிக்கொண்டே கரையேறி ஓடியது.

செங்கண்ணன் மூச்சு வாங்கினான். இறக்கையிலிருந்து ரத்தம் சொட்டியது.

"பூவாயி... குஞ்சு?"

"இருக்கு" என்றாள் அவள். குரல் நடுங்கியது. பிறகு நடுக்கம் போய்க் கோபம் வந்தது. "நான் எத்தனை தடவை கத்தினேன்! உங்க காதுல விழலையா?"

"விழுந்தது."

"விழுந்ததா?"

அவன் தலை குனிந்தான். "விழுந்தது. வாத்து பார்த்துட்டிருந்தேன்."

எந்த வாத்து என்று அவள் கேட்கவில்லை. கேட்க அவளுக்குத் தெம்பில்லை. "முதல்ல மண் கொண்டு வாங்க. சுவர் உடைஞ்சு கிடக்கு" என்று மட்டும் சொன்னாள்.

அவன் ஓடைக்கரையிலிருந்து ஈரமண்ணை வாயில் அள்ளி அள்ளிக் கொண்டுவந்தான். அவள் உள்ளிருந்து பூசினாள். அதன்பின் கிளையில் உட்கார்ந்து கயிற்றை அலகால் கடிக்கத் தொடங்கினான். நைலான் கயிறு சாமானியமாக அறுபடவில்லை. அலகின் ஓரம் சிதைந்தது. வெயில் சாயும் நேரத்தில் கடைசி இழையும் அறுந்து, கயிறு ஓடையில் விழுந்தது.

அப்போதுதான் சடையன் அந்தப் பக்கம் வந்தான். கையில் ஏதோ பளபளத்தது.

"அண்ணே! மடக்குக் கத்தி! எப்பேர்ப்பட்ட கயிறும் ஒரே இழுப்புல அறுந்துடும். கொஞ்சம் பழம் கொண்டாங்க, தர்றேன்!"

"இதை மத்தியானமே எடுத்துட்டு வந்தா என்ன?"

"நீங்க கேட்கவே இல்லையே!"

செங்கண்ணன் வலிக்கும் இறக்கையை விரித்து அத்திமரத்துக்குப் பறந்தான். தொண்டை நிறையப் பழம் பறித்தான். கத்தியை ஆட்டிக்கொண்டிருந்த சடையனைத் தாண்டி நேராகப் பொந்துக்கு வந்தான். ஒவ்வொரு பழமாகப் பிளவில் நீட்டினான். குஞ்சு வயிறு நிறையத் தின்றுவிட்டுத் தூங்கிப்போனது.

"வேற எதுவும் கொண்டு வரலையே?" என்று பூவாயி சந்தேகத்தோடு கேட்டாள்.

"இல்லை. வெறும் பழம்தான்."

"அதைத்தாங்க நான் முதல் நாள்லேயிருந்து கேட்கிறேன்!" என்றாள் பூவாயி. கடைசிப் பழத்தை அவளே தின்றாள்.

ஒருவருக்கு உதவ நினைப்பவர், தனக்குப் பிடித்த புதுமையைக் கொண்டுபோய் அவர்மேல் சுமத்தாமல், அவருக்கு வேண்டியது என்ன என்று கேட்டு அதையே செய்ய வேண்டும்.