தவசிமுத்துவின் மழை தொடாத கார்

தவசிமுத்து தன் காரைப் பற்றி உள்ளதை உள்ளபடி சொல்லுவார் என்று யாராவது நம்பினால், அவர் குலசேகரம் பக்கத்துக்குப் புதுசாக வந்தவர் என்று அர்த்தம். பழகினவர்கள் அவர் தொண்டையைச் செருமினதுமே நல்ல இடமாகப் பார்த்து உட்கார்ந்துகொள்வார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வந்தால் ஐப்பசி மழை கொட்டிக்கொண்டிருந்தது. குடை வைத்திருந்தவர்களே இறங்கப் பயப்படுகிற மழை. சபையில் பாதிப் பேர் சர்ச் முகப்பிலேயே நின்றுவிட்டார்கள். தவசிமுத்துவுக்கு வேறென்ன வேண்டும்? கேட்க ஆள் இருக்கிறது, ஓடிப்போக வழி இல்லை.

அவர் மனைவி கமலபாய் மட்டும் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். அன்றைக்குத்தான் ராஜையன் சாருடைய மகளுக்கு மூன்றாவது ஓலை, அதாவது கடைசிக் கல்யாண அறிவிப்பு, வாசித்திருந்தார்கள். வியாழக்கிழமை கல்யாணம். பெண்ணை வீட்டிலிருந்து சர்ச்சுக்குக் கூட்டிவரத் தன் காரையே தருகிறேன் என்று தவசிமுத்து ஒரு மாசத்துக்கு முன்பே வாக்குக் கொடுத்திருந்தார். மகன் வாங்கிக் கொடுத்த கார், மாதுளம்பழ நிறம். அந்தக் காரில் வந்து இறங்குவது என்றால் பெண்ணுக்கும் சந்தோஷந்தான்.

வாக்குக் கொடுத்த கையோடு மழை தொடங்கிவிட்டது. வீட்டில் கார் நிறுத்தக் கொட்டகை கிடையாது, பலாமரத்தடிதான். இலையும் பிசினும் காக்கை எச்சமும் மழைத் தண்ணீரோடு ஊறிப் பெயின்டைத் தின்றுவிடுமே என்று தவசிமுத்துவுக்குத் தூக்கம் வரவில்லை. அவருக்கு இரண்டு ஏக்கர் ரப்பர் உண்டு. மழைக்காலத்திலும் பால் வெட்டுவதற்காக, வெட்டின இடம் நனையாதபடி, ரப்பர் மரத்தின் இடுப்பைச் சுற்றிப் பிளாஸ்டிக்கில் ஒரு பாவாடை கட்டித் தார்ப்பசை போட்டு ஒட்டிவிடுவார்கள். மரத்துக்கு ஆகிற வைத்தியம் காருக்கு மட்டும் ஆகாதா என்று நினைத்தார் மனுஷன். கார் கூரையின் விளிம்பைச் சுற்றிப் பசையைத் தடவி, கொசுவம் வைத்துப் பாவாடையை ஒட்டிவிட்டார். மூன்றாம் நாள் பளிச்சென்று வெயில் அடித்தது. பசை உருகிக் கதவு வழியாக இறங்கியது. மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தார். பசை அப்படியே நின்றது, பெயின்ட் துணியோடு வந்தது. நாலு கதவும் இறுகித் திறக்காமல் போயிற்று. மேலே ஒரு தார்ப்பாயைப் போட்டு மூடியவர்தான், அதற்கப்புறம் அந்தப் பக்கமே போகவில்லை.

காலையில் கிளம்பும்போதே கமலபாய் கேட்டுக்கொண்டாள். இன்றைக்கு ராஜையன் சாரிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள், அவர் வேறு கார் பார்க்க நாலு நாளாவது வேண்டாமா என்று. சொல்கிறேன் என்றார். சர்ச்சில் முழங்கால் போட்டபோது அவள் அதைத்தான் முதலில் கேட்டாள். ஆண்டவரே, இந்த ஒரு நாளாவது அவர் வாயில் உள்ளது வரட்டும். வெளியூரில் இருக்கிற பிள்ளைகளுக்கான ஜெபம்கூட அன்றைக்கு இரண்டாவதாகத்தான் வந்தது.

ஆராதனை முடிந்து முகப்பில் பேச்சைத் தொடங்கியவன் ஜஸ்டஸ். வாடகை வேன் ஓட்டுகிறவன், யார் எது சொன்னாலும் ஒரு தடவை உரசிப் பார்க்காமல் விடமாட்டான்.

"அண்ணாச்சி, கார எங்க ஒரு மாசமா காணோம்? மைனியையும் நனைச்சுக் கூட்டிட்டு வந்திருக்கீய."

தவசிமுத்து தொண்டையைச் செருமினார்.

"இந்தச் சேத்துல எவனாவது அந்தக் கார எடுப்பானாடே?"

ஜஸ்டஸ் தனக்குத் தெரிந்ததைச் சொன்னான். மழைக்கு முன்னால் மெழுகு பாலிஷ் போட்டுவிட வேண்டும், நனைந்து வந்தால் நல்ல தண்ணீர் ஊற்றிச் சேற்றை இறக்கிவிட்டு மெத்துத் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும், ஈரத்தோடு மட்டும் மூடி வைக்கவே கூடாது, இவ்வளவுதான் சங்கதி என்றான். ஈரத்தோடு மூடுகிற பேச்சு வந்தபோது கமலபாய் புருஷனைப் பார்த்தாள். அவர் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதெல்லாம் வாடகை வண்டிக்குச் சரி என்று ஆரம்பித்தார் தவசிமுத்து. தான் போட்டது கடையில் விற்கிற பாலிஷ் இல்லையாம். மலைத்தேன் மெழுகைத் தேங்காய் எண்ணெயில் காய்ச்சி, வெளியே சொல்லக்கூடாத ஒரு வேரையும் அரைத்துப் போட்டு, தானே இறக்கினதாம். முதல் பூச்சுப் பூசி முடித்ததும் ஒரு ஈ வந்து பானட்டில் உட்காரப் பார்த்ததாம். வழுக்கி விழுந்து இடது பின்னங்கால் ஒடிந்துபோயிற்று. இன்றைக்கும் அது வீட்டுச் சமையல்கட்டில் நொண்டிக்கொண்டுதான் பறக்கிறது.

ஈ பறக்கும்போது நொண்டுவது எப்படித் தெரியும் என்று ஜஸ்டஸ் கேட்டான். இறங்கும்போது பார்க்கணும் என்றார் அவர்.

பிறகு மழை பெய்தது. காரின் மேல் விழுந்த துளிக்கு நிற்க இடம் கிடைக்கவில்லை. விழுந்த வேகத்தில் வழுக்கி, மதிலைத் தாண்டி, பக்கத்து மோகன்தாஸ் தோட்டத்தில் போய் விழுந்தது. அவனுக்கு அவன் பங்கு மழையும் தவசிமுத்து பங்கு மழையும் சேர்ந்து கிடைத்ததில் மரச்சீனிக் கிழங்கு முழுக்க அழுகிப்போயிற்று.

"அவன் வாழையல்லா வச்சிருக்கான்," என்றான் ஜஸ்டஸ்.

"அழுகின பொறவுதான் வாழைய வச்சான்."

கூட்டம் நெருங்கி வந்தது. மழையும் விடுவதாக இல்லை. இரண்டாவது பூச்சுப் போட்ட கதைக்குப் போனார் தவசிமுத்து. அந்தப் பூச்சுக்கு அப்புறம் மழை காரின் மேல் விழுவதையே விட்டுவிட்டதாம். வருகிற வேகத்தில் வரும், காரைப் பார்க்கும், ஒரு ஆள் உயரத்துக்கு மேலேயே இரண்டாகப் பிரிந்து அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் போய்விடும். காரைச் சுற்றி ஆறடிக்கு எந்நேரமும் காய்ந்த தரை. கோழிகள் அங்கேதான் குப்பை கிளறுகின்றன. ரப்பர் ஷீட்டை அங்கேதான் உலர்த்துகிறார்கள். வீட்டுத் துணியும் அங்கேதான் காய்கிறது.

"நம்பலேன்னா இவகிட்ட கேளுங்க. நேத்து என் வேட்டிய எங்க காயப் போட்ட?"

எல்லார் கண்ணும் கமலபாய் பக்கம் திரும்பியது. அவள் வேதபுத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். அந்த வேட்டி அடுப்படியில் இன்னும் ஈரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் பேசாமல் இருந்ததையே அவர் சாட்சியாக எடுத்துக்கொண்டு மேலே போனார். இவர் சொல்லுகிற பொய்யில் எனக்கும் ஒரு பங்கு ஏறிவிட்டதே என்று அவளுக்கு உடம்பெல்லாம் கூசிற்று.

மூன்றாவது பூச்சு விழுந்ததும் மின்னலே வந்ததாம். வானத்திலிருந்து நேராகக் காரின் மேல் இறங்கி, பிடிமானம் இல்லாமல் வழுக்கி, ரோட்டோரத்து டிரான்ஸ்பார்மருக்குள் புகுந்துவிட்டது. போன செவ்வாய்க்கிழமை அடித்த காற்றில் சுற்று வட்டாரம் முழுக்கக் கரண்டு போயிற்றே, நம் தெருவில் மட்டும் லைட் ஏன் எரிந்தது என்று யாராவது யோசித்தீர்களா என்று கேட்டார். நம் தெருவிலும் எரியவில்லை என்று பின்னாலிருந்து ஒருவர் சொன்னார். கண்ணைத் திறந்து பார்த்திருக்க மாட்டீர் என்று அவருக்குப் பதில் கிடைத்தது.

அப்படியானால் அந்த அருமையான காரைத் தார்ப்பாய் போட்டு ஏன் மூடி வைத்திருக்கிறீர்கள் என்று ஜஸ்டஸ் பிடித்தான். போகிற வழியில் பார்த்தானாம். இங்கேயாவது உண்மை வந்துவிடும் என்று கமலபாய் நினைத்தாள்.

தவசிமுத்து குரலைத் தாழ்த்தினார். மழை அளக்கிற ஆபீசர் ஒருத்தர் ஜீப் போட்டு வந்தாராம். உங்கள் கார் தள்ளிவிடுகிற மழையெல்லாம் பக்கத்து ஊர்களில் போய் விழுந்து எங்கள் கணக்கெல்லாம் தப்பிப் போகிறது, டேமில் தண்ணீர் கூடிக்கொண்டே வருகிறது, ஜனங்களை நினைத்தாவது அதை மூடி வையுங்கள் என்று கையைப் பிடித்துக்கொண்டாராம். ஊருக்காக மூடினேன் என்றார். எந்த ஆபீசர் என்று கேட்டதற்கு, பேர் சொல்லக்கூடாதென்று கையெழுத்து வாங்கிவிட்டுப் போயிருக்கிறார் என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே முன்னால் வந்தார் ராஜையன் சார். கணக்கு வாத்தியாராக இருந்தவர், ஒரு புள்ளி தப்பினாலும் விடாதவர். ஆனால் மகள் கல்யாணம் வந்தால் எந்த மனுஷனும் கொஞ்சம் இளகித்தான் போகிறான்.

"அப்போ வியாழக்கிழம காலைல அந்தத் தார்ப்பாய எடுத்திரலாமே. எட்டரைக்கு வீட்டு வாசல்ல நிக்கணும். வேற ஒரு காரும் சொல்லி வைக்கட்டான்னு லில்லி கேட்டா. தவசிமுத்து சொன்னா சொன்னதுதான்னு நான்தான் வேண்டாம்னுட்டேன்."

லில்லி பெண்ணின் அம்மா, புதன்கிழமை ஜெபக்கூட்டத்தில் கமலபாய்க்குப் பக்கத்தில் உட்காருகிறவள். கமலபாய் புருஷனின் முகத்தையே பார்த்தாள். ஒரு நிமிஷம் அது கண்ணாடி டம்ளரை உடைத்துவிட்ட பிள்ளையின் முகம் மாதிரி ஆயிற்று. பிறகு பழையபடி மலர்ந்தது.

"கார தர மாட்டேன் சார்," என்றார் தவசிமுத்து. "ஒங்க மகளோட நல்லதுக்குத்தான் சொல்லுதேன். அந்தப் பளபளப்பப் பாத்த மாப்பிள பொண்ணத் திரும்பிப் பாக்க மாட்டான். தாலிய எடுத்துக் கார் கண்ணாடியில கட்டிருவான். போதகரும் கார் மேல கைய வச்சு ஆசீர்வாதம் பண்ணிருவாரு. பொறவு பொண்ணுக்கு நான் என்ன பதில் சொல்ல?"

முகப்பே அதிர்ந்தது. ராஜையன் சாரும் சிரித்தார். கட்டினால் கட்டட்டும், நீங்கள் எட்டரைக்குக் கொண்டுவந்துவிடுங்கள் என்று அவர் தோளில் தட்டிவிட்டுக் குடையை எடுக்கப் போனார்.

தர மாட்டேன் என்று சொன்னதையும் தருகிறேன் என்று எடுத்துக்கொண்டாரே என்று கமலபாய் நினைத்தாள். ராஜையன் சார் இப்படியே போய்விட்டால், வியாழக்கிழமை அந்தப் பிள்ளை பட்டுச்சேலை கட்டிப் பூ வைத்துக்கொண்டு வாசலில் நிற்கும். முப்பத்திரண்டு வருஷத்தில் நாலு பேர் முன்னால் புருஷன் பேச்சை அவள் மறுத்ததில்லை. ஆனாலும் கூப்பிட்டாள்.

"சார், வேற கார் பாருங்க. ரப்பர் மரத்துக்குக் கட்டுத பாவாடைய அந்தக் காருக்கு ஒட்டி வச்சிருக்காவ. பச உருகி நாலு கதவும் தொறக்கல. மண்ணெண்ண போட்டுத் தொடச்சதுல பெயின்டும் போச்சு."

ஜஸ்டஸ் தூணைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினான்.

"காருக்குப் பாவாடையா? கொசுவம் வச்சா மைனி?"

"கொசுவம் வச்சுத்தான்," என்றாள் கமலபாய். கேட்டதற்கு உள்ளதைச் சொன்னாள், அவ்வளவுதான்.

அன்றைக்குக் காலையிலிருந்து அப்படி ஒரு சிரிப்பு எழும்பவில்லை. அண்ணாச்சி சொன்னதில் பாதியையாவது நம்பலாம் போலிருந்தது, மைனி புளுகில் அவரையே கவிழ்த்துவிட்டார்கள் என்றான் ஜஸ்டஸ். இத்தனை வருஷமாக அந்த வீட்டில் நாம் தப்பான ஆளிடம் கதை கேட்டிருக்கிறோம் என்றார் ஒருவர். ராஜையன் சார் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கமலாக்காவுக்கு இப்படியும் பேச வருமா என்று அவருக்கு ஆச்சரியம். அவர் காரை வேண்டாமென்று சொல்லுகிற மாதிரித் தெரியவில்லை.

கமலபாய்க்குக் கண் நிறைந்துவிட்டது. இத்தனை பொய்க்குத் தலையாட்டின ஜனம் ஒரு உண்மைக்கு இப்படிச் சிரிக்கிறதே. புருஷன் பக்கம் திரும்பினாள்.

அவர் மட்டும் சிரிக்கவில்லை. முகம் கறுத்து நின்றார். முதலில் வெட்கப்படுகிறார் என்றுதான் நினைத்தாள். ஆனால் இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணினவளுக்குத் தெரியாதா? அது பொறாமை. ஈயையும் மழையையும் மின்னலையும் இறக்கி அவர் சம்பாதிக்காத சிரிப்பை, ஒரு பாவாடையை வைத்து இவள் வாரிக்கொண்டு போய்விட்டாள்.

"நிறுத்துங்கடே," என்றார் தவசிமுத்து. "அது புளுகு இல்ல. உள்ளது. நான் செஞ்சது. இந்தக் கையால செஞ்சேன். ஒட்டும்போது இவ வீட்லயே இல்ல, ஜெபக்கூட்டத்துக்குப் போயிருந்தா. இவளுக்கு எதுக்குப் பேரு?"

இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். பத்து நகத்துக்குள்ளும் தார் இன்னும் போகாமல் கறுப்பாக இறங்கியிருந்தது. ஜஸ்டஸ் ஒரு விரலைப் பிடித்து மோந்து பார்த்தான். ரப்பர் வெட்டுகிறவர்கள் நாலைந்து பேர் இருந்தார்கள், அவர்களுக்கு மோந்து பார்க்க வேண்டிய அவசியம்கூட இல்லை. சிரிப்பு ஒவ்வொரு வாயாக அடங்கிற்று.

"அப்போ கார்?" என்று கேட்டார் ராஜையன் சார்.

"ஒண்ணுக்கும் ஆவாது சார். வேற பாருங்க."

கமலபாய் கண்ணை மூடி ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டாள். ராஜையன் சார் ஓரமாகப் போய் லில்லிக்குப் போன் போட்டு, நீ சொன்னதுதான் சரி என்று ஆரம்பித்தார். தன் மச்சானிடம் வெள்ளைக் கார் ஒன்று இருக்கிறது, புதன்கிழமை கழுவி மெழுகு போட்டு, வியாழன் காலையில் தானே கொண்டுவந்து நிறுத்துகிறேன் என்று ஜஸ்டஸ் சொன்னான். மழையும் கொஞ்சம் விட்டது. ஆட்கள் ஒவ்வொருவராகப் படி இறங்க ஆரம்பித்தார்கள்.

கூட்டம் கலைவதைத் தவசிமுத்துவால் பொறுக்க முடியவில்லை.

"ஆனா ஒண்ணு சொல்லுதேன், கேட்டுட்டுப் போங்க," என்று கையை உயர்த்தினார். "பத்துக் கிலோ பசை. வேற எவனும் அப்படி ஒட்டியிருக்க மாட்டான். இத்தன மழைக்கும் காருக்குள்ள ஒரு சொட்டு ஈரம் எறங்கல."

"ஒன்றரைக் கிலோ," என்றாள் கமலபாய், குடையை விரித்தபடி. "பின்சீட்டுல காளான் மொளச்சிருக்கு. வாங்க, போவலாம்."