ஏழு சோழியும் காலிப் பொந்தும்

இரண்டு ஆண்டுகளாக மழை எட்டிப் பார்க்காத ஒரு காட்டில், மருதி என்ற சருகுமான் தன் குட்டியோடு வாழ்ந்து வந்தாள்.

சருகுமானை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள், குழந்தைகளே. முயலை விடக் கொஞ்சம்தான் பெரியது. தலையில் கொம்பு கிடையாது. பக்கத்தில் காய்ந்த இலை ஒன்று விழுந்தாலும் திடுக்கிட்டு ஓடும். மருதியோ அந்த இனத்திலேயே பயந்தவள்.

காட்டில் ஆறு வற்றியது. பழமரங்கள் பட்டுப்போயின. தாய்களின் மடி காய்ந்தது. குட்டிகள் பசியில் சுருண்டு படுத்தன. காட்டின் தலைவியான பெரிய பெண் யானைக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. எல்லோரையும் கூட்டிச் சொன்னாள்:

"குட்டி உள்ள ஒவ்வொரு தாய்க்கும் வாரம் ஏழு சோழி தரப்படும். ஒரு சோழியை மலையணிலிடம் கொடுத்தால், அவன் கிடங்கிலிருந்து ஒரு நாளைக்கான பழமோ கிழங்கோ தருவான். மழை வரும்வரை யாரும் பட்டினி கிடக்கக் கூடாது."

சோழிகளைக் கொடுக்கும் வேலை சடையன் என்ற குரங்குக்குக் கிடைத்தது. விரல் விட்டு வேகமாக எண்ணுவதில் அவனை மிஞ்ச ஆளில்லை.

"யாருக்காவது குறை இருந்தால், ஓர் இலையில் காலடியைப் பதித்து அந்த நாவல் மரப் பொந்தில் போடுங்கள்," என்றாள் யானை. "காலடியைப் பார்த்து உங்களை அழைத்து விசாரிப்பேன். சடையா, பொந்தில் விழும் இலைகளை எடுத்து வந்து என்னிடம் சேர்ப்பதும் உன் பொறுப்பு."

"உத்தரவு, தாயே!" என்று சடையன் குனிந்து வணங்கினான்.

முதல் இரண்டு வாரம் ஏழு சோழி கிடைத்தது. மூன்றாம் வாரம் மருதியின் முன்னால் சடையன் ஐந்து சோழியைத்தான் வைத்தான்.

"ஐயா, ஏழு என்று சொன்னார்களே?"

"எண்ணிக் கொடுக்கிற கூலி ஒன்று. காவல் காக்கிற கூலி ஒன்று. மீதி ஐந்து. வேண்டாம் என்றால் வைத்துவிட்டுப் போ. பின்னால் முயல் நிற்கிறாள்."

மருதி ஐந்தையும் பொறுக்கிக்கொண்டு நடந்தாள். ஐந்து நாள் பழம் கிடைத்தது. ஆறாம் நாளும் ஏழாம் நாளும் அவள் வறண்ட புல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். குட்டி மடியை முட்டி முட்டிப் பார்த்துவிட்டு அழுதது.

எல்லாத் தாய்களுக்கும் இதே கதைதான். ஆனால் முள்ளி என்ற முள்ளம்பன்றி மட்டும் பொறுக்கவில்லை.

"அதற்குத்தானே பொந்து இருக்கிறது?" என்றாள். ஓர் அகலமான தேக்கிலையில் சேற்றுக் காலை அழுத்திப் பதித்தாள். எல்லோரும் பார்க்க, நிமிர்ந்து நடந்து போய்ப் பொந்தில் போட்டுவிட்டு வந்தாள்.

அடுத்த வாரம் முள்ளியின் முறை வந்தது. சடையன் அவளை ஏற இறங்கப் பார்த்தான்.

"உன் பெயர் பட்டியலில் இல்லையே."

"இல்லையா? போன வாரம் இருந்ததே!"

"உடம்பு முழுக்க முள் வைத்திருக்கிறாய். உனக்கு என்ன குறை? இது இல்லாதவர்களுக்குக் கொடுக்கிறது. தள்ளி நில்."

முள்ளி வரிசையை விட்டு விலகினாள். பின்னால் வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். மருதியும் தரையைத்தான் பார்த்தாள்.

அன்று முதல் யாரும் முள்ளியோடு பேசுவதில்லை. அவள் வரும் பாதையில் போவதில்லை. மரத்துக்கு மரம் சடையனின் கூட்டத்தார் உட்கார்ந்திருந்தார்கள். யார் யாரோடு நிற்கிறார்கள் என்று அவர்கள் பார்த்துச் சொல்லிவிட்டால்? ஒருநாள் மருதி பாதிப் பழத்தை முள்ளியின் வளைக்கு முன்னால் உருட்டிவிட்டு, மேலே ஒருமுறை பார்த்துவிட்டு, மூச்சு வாங்க ஓடிவந்தாள்.

பொந்தில் அதற்குப் பிறகு ஓர் இலையும் விழவில்லை.

"பொந்தில் ஏதாவது இருந்ததா, சடையா?" என்று யானை கேட்பாள்.

"தூசிகூட இல்லை, தாயே. எல்லோரும் நிறைவாக இருக்கிறார்கள்."

யானைக்கு மனம் குளிரும். "நல்லது, நல்லது," என்று காதை ஆட்டுவாள்.

அப்படி இருக்கையில் ஒருநாள் யானை சொல்லி அனுப்பினாள்: 'வரும் வாரம் சோழி கொடுக்கும்போது நானே வந்து பார்க்கிறேன்.'

சடையன் நேராக மருதியின் புதருக்கு வந்தான். அவன் நிழலைக் கண்டதும் மருதி குட்டியை வயிற்றுக்கு அடியில் இழுத்துக்கொண்டாள்.

"பயப்படாதே. தலைவி வரும்போது எல்லோர் சார்பிலும் நீதான் நன்றி சொல்ல வேண்டும்."

"நானா? ஐயா, எனக்கு நாலு பேர் முன்னால் நாக்கே புரளாதே!"

"அதனால்தான் உன்னைத் தேர்ந்தெடுத்தேன்," என்று சிரித்தான் சடையன். "சொல்லிக் கொடுத்ததை மட்டும் சொல்வாய். எங்கே, சொல்லு பார்ப்போம்: 'வாரா வாரம் ஏழு சோழியும் குறையாமல் கிடைக்கிறது, அம்மா.'"

"வாரா வாரம்... ஏழு... சோழியும்..."

"இன்னும் மூன்று நாள் இருக்கிறது. நன்றாகப் பாடம் செய்துகொள். உனக்கு ஒரு குட்டி இருக்கிறது. ஞாபகம் இருக்கட்டும்."

அந்த மூன்று நாளும் மருதிக்குத் தண்ணீர்கூட இறங்கவில்லை.

'ஏழு' என்று சொன்னால்? பிறகு எந்தக் காலத்திலும் 'ஐந்து' என்று யாரும் சொல்ல முடியாது. முள்ளியின் குட்டிகள் இந்த மாதத்தைத் தாண்டா. 'ஐந்து' என்று சொன்னால்? யானை மற்றவர்களைக் கேட்பாள். மற்றவர்கள் தரையைப் பார்ப்பார்கள். மருதி ஒருத்தி மட்டும் பொய்க்காரியாக நிற்பாள். யானை திரும்பிப் போன மறுநாள் பட்டியலில் அவள் பெயர் இருக்காது.

எந்தப் பக்கம் திரும்பினாலும் குழிதான். மருதி புதரைச் சுற்றிச் சுற்றி நடந்தாள். குட்டி தலையைத் தூக்கிக் கேட்டது: "அம்மா, என்ன முணுமுணுக்கிறாய்?"

"ஒன்றுமில்லை. பாடம் படிக்கிறேன். நீ தூங்கு."

அந்த நாளும் வந்தது. காலை வெயிலில் சடையன் உட்கார்ந்து சோழி கொடுக்கும் பாறைக்கு முன்னால் தாய்கள் எல்லோரும் கூடினார்கள். யானை வந்து நின்றாள். அவளுக்குப் பக்கத்தில் சடையன் கைகட்டி நின்றான். வெகு தூரத்தில், தனியாக, முட்கள் தொய்ந்துபோய் முள்ளியும் நின்றாள்.

"தாயே, இவர்கள் சார்பில் மருதி நன்றி சொல்ல ஆசைப்படுகிறாள்," என்றான் சடையன்.

மருதி முன்னால் வந்தாள். "அம்மா... வாரா வாரம்..." என்று தொடங்கினாள். அடுத்த சொல் வரவில்லை. சடையன் கண்ணால் அதட்டினான். காடே அவள் வாயைப் பார்த்தது.

"சொல்லம்மா," என்றாள் யானை மெதுவாக.

மருதி கண்ணை இறுக்க மூடித் திறந்தாள். "அம்மா, நான் ஒருத்தி சொல்வது போதாது. எல்லோரும் சேர்ந்து நன்றி சொல்ல வேண்டும். வாயால் சொன்னால் கூச்சலாகிவிடும். யானைக்குப் பாதமும் ஒரு காது என்பார்கள். வாரம் எத்தனை சோழி வாங்குகிறோமோ, அத்தனை முறை நாங்கள் தரையைத் தட்டுகிறோம். நீங்கள் திரும்பி நின்று, கண்ணை மூடிக்கொண்டு கேட்க வேண்டும்."

"புதுமாதிரி நன்றியாக இருக்கிறதே!" என்று யானை மகிழ்ந்தாள்.

"சடையன் ஐயாவும் கண்ணை மூட வேண்டும், அம்மா. எண்ணிக் கொடுக்கிறவர் அவர்தானே? இந்த நன்றியில் அவருக்கும் பங்கு உண்டு. மரத்தில் இருக்கும் அவருடைய உறவுக்காரர்களுக்கும் உண்டு."

சடையனின் முகம் மாறியது. "தாயே, வெயில் ஏறுகிறது. இதெல்லாம் எதற்கு..."

"கண்ணை மூடு, சடையா," என்றாள் யானை. "மரத்தில் இருப்பவர்களும் திரும்பிக்கொள்ளுங்கள். நன்றி சொல்கிறவர்களை ஏமாற்றக் கூடாது."

வேறு வழியில்லை. யானை திரும்பிக் கண்ணை மூடினாள். அவள் காலடியில் சடையனும் கண்ணை மூடி உட்கார்ந்தான்.

மருதி முதல் முறை தரையைத் தட்டினாள். டொக்.

அவள் ஒருத்தியின் சத்தம்தான் கேட்டது. யாரும் அசையவில்லை. 'தனியாக மாட்டிக்கொண்டேன்,' என்று மருதி நினைத்தாள். குட்டியைத் திரும்பிப் பார்த்தாள். ஓடிவிடலாமா?

அப்போது முயல் காலைத் தூக்கினாள். அவளைப் பார்த்து, எறும்பு தின்னும் அழுங்கு தூக்கினாள். கீரி தூக்கினாள். பிறகு எல்லோரும் சேர்ந்து தட்டினார்கள்.

இரண்டு. மூன்று. நான்கு. தரை அதிர்ந்தது. ஐந்து.

ஐந்தோடு எல்லாக் கால்களும் நின்றன. ஒரு மூச்சுச் சத்தம்கூட இல்லை.

இந்த மௌனம் இன்னும் ஒரு நொடி நீடித்தால் தன் கதை முடிந்தது என்று சடையனுக்குப் புரிந்துவிட்டது. யாருக்கும் தெரியாது என்று எண்ணி, உள்ளங்கையால் அவனே தரையைத் தட்டினான்.

தப். தப்.

யானை கண்ணைத் திறந்து திரும்பினாள். தாய்கள் எல்லோரும் அசையாமல் நின்றார்கள். அவள் பார்வை மெல்லக் கீழே இறங்கியது. சடையனின் கை இன்னும் தரையில் இருந்தது.

"முதல் ஐந்தும் தாய்கள் நின்ற பக்கத்திலிருந்து வந்தன," என்றாள் யானை. "ஆறாவதும் ஏழாவதும் என் காலடியிலிருந்து வந்தன. அப்படியானால் அந்த இரண்டு சோழியையும் வாங்குகிறவன் நீதானா, சடையா?"

சடையனின் கண் அவனை அறியாமல் பாறைப் பக்கம் ஓடியது.

யானை துதிக்கையால் அவன் உட்காரும் பாறையைப் புரட்டினாள். அடியிலிருந்து சோழிகள் கலகலவென்று கொட்டின. கூடவே கசங்கிய தேக்கிலை ஒன்றும் விழுந்தது. அதில் முள்ளம்பன்றியின் காலடி காய்ந்துபோய் இருந்தது.

யானை அந்த இலையைத் தூக்கிப் பார்த்தாள். பிறகு தூரத்தில் நின்ற முள்ளியிடம் தானே நடந்து போனாள்.

"நீ என்னைக் கூப்பிட்டிருக்கிறாய். எனக்குக் கேட்கவில்லை," என்றாள். "பொந்து காலியாக இருக்கிறது என்று நான் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன்."

முள்ளி அழுதாள். அவளுக்குக் கிடைக்காமல் போன வாரங்களின் சோழியெல்லாம் அன்றே அவள் வளைக்குப் போய்ச் சேர்ந்தது. சடையனும் அவன் கூட்டமும் மலையணிலின் கிடங்குக்குக் கிழங்கு தோண்டிப் போட அனுப்பப்பட்டார்கள். சோழி கொடுக்கும் வேலையைத் தாய்களே முறைவைத்துப் பார்த்தார்கள். வாரா வாரம் யானை வந்து திரும்பி நின்று, கண்ணை மூடி, தரையின் சத்தத்தைத் தானே கேட்டாள்.

மருதி ஏழு சோழியோடு வீட்டுக்குப் போனாள். புதருக்குள் நுழைந்து, குட்டியை அணைத்துப் படுத்த பிறகுதான் அவளுக்குப் பசி என்பதே தெரிந்தது.

நீதி: குறை சொல்ல அஞ்சுகிறவர்களின் மௌனத்தை நிறைவு என்று எண்ணி ஏமாறக் கூடாது.