நாவல் மரத்தடியில் நிற்காத வண்டி

ஒரு காட்டில் கரடி ஒன்று வண்டி வைத்திருந்தது. பாரம் ஏற்றுவதும் கயிறு கட்டுவதும் கரடியின் வேலை. வண்டியை எருமை இழுக்கும்.

மழை வருவதற்குள் ஓடைக்குப் பாலம் போட வேண்டும். அதற்காக மேட்டுக் காட்டிலிருந்து வண்டி வண்டியாக மரக்கட்டைகள் இறங்கிக்கொண்டிருந்தன.

கட்டை ஏற்றிய வண்டி கொஞ்ச தூரம் குலுங்கிப் போனதும் கட்டைகள் அமுங்கி உட்காரும். எவ்வளவு நன்றாகக் கட்டியிருந்தாலும் கயிறு தொய்ந்துவிடும். அதனால் எல்லோரும் பாதி வழியில் நாவல் மரத்தடியில் நிறுத்தி, கயிற்றை மறுபடி இறுக்குவார்கள். அதற்கு அப்பால் ஒரே சரிவு.

அந்த மரத்தடியில்தான் நரிகள் வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கும்.

போன வாரம் காட்டுப்பன்றி அங்கே வண்டியை நிறுத்திக் கயிற்றை இறுக்கியது. பின்னால் வந்த கரடி, "என்னப்பா, கயிறு கட்டினியா, காயப் போட்டியா?" என்று கேட்டது.

நரிகள் விழுந்து விழுந்து சிரித்தன. பன்றி கயிற்றை இன்னொரு இழுப்பு இழுத்தது. இறுக்கி முடித்துவிட்டுப் போனது. அன்று முதல் அங்கே நின்ற வண்டிக்காரர்களை எல்லாம் நரிகள் அதையே சொல்லிக் கேலி செய்தன.

இன்று கரடியின் வண்டி கிளம்பியது. வழியில் ஒரு முயல் ஓடி வந்தது. ஓடைக்கரை வளையில் அதன் மூன்று குட்டிகள் காத்திருந்தன.

"கரடியண்ணே, உங்க வண்டி பின்னாலயே வரட்டுமா? தனியாப் போனா நரிங்க பயம்."

"தாராளமா வாம்மா! என் வண்டியை விடப் பத்திரமான இடம் வேற ஏது!"

நாவல் மரம் கண்ணுக்குத் தெரிந்தபோது எருமை முனகியது. "அண்ணே, பாரம் பின்னால நகருது. நுகம் கழுத்தை விட்டு மேல எழும்புது. நிறுத்தி இறுக்கிடுங்க!"

கரடி கயிற்றைத் தொட்டுப் பார்த்தது. கொடி போலத் தொங்கியது. ஆனால் நரிகள் ஏற்கெனவே பார்த்துவிட்டன.

"என்ன கரடியாரே, நிக்கப் போறீங்களா?"

"நானா! நான் கட்டினா கட்டினதுதான்!" என்றது கரடி. எருமையின் காதருகே குனிந்து, "நட! கீழே போய் இறுக்கிக்கலாம்" என்றது.

கீழே போய்ச் சேர முடியவில்லை. சரிவில் சக்கரம் ஒரு குலுக்குக் குலுக்கியது. ஏற்கெனவே பின்னால் நகர்ந்திருந்த மேல்கட்டை உருண்டது. முயல் விலகுவதற்குள் அதன் பின்னங்கால் மேல் விழுந்தது.

"கல்லு! பாதையில கல்லு!" என்று கத்தியது கரடி.

எருமை பாதையைப் பார்த்தது. அங்கே கல் இல்லை. அது தலையைக் குனிந்துகொண்டது.

முயல் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னது: "உங்க மேல தப்பில்லண்ணே. நான்தான் ரொம்ப ஒட்டி வந்துட்டேன்."

கரடியால் நிமிர முடியவில்லை. நரிகளின் சிரிப்பு நின்றிருந்தது. அவை இப்போது சரிவில் இறங்கி வந்து, முயலின் ஒடிந்த காலைப் பார்த்தபடி நாக்கைச் சுழற்றிக்கொண்டிருந்தன.

அப்போது பின்னால் தன் வண்டியோடு காட்டுப்பன்றி வந்தது. கோரைப் பல்லைக் காட்டி நரிகளை விரட்டியது. பிறகு கரடியின் கட்டைகளைத் தூக்கி அடுக்கி, கயிறு போட்டு, காலை ஊன்றி இழுத்துக் கட்டியது.

"என்னை நாலு வார்த்தை திட்டிடேன்!" என்றது கரடி.

"முதல்ல முயலைத் தூக்கு. குட்டிங்க பசியோட இருக்கும்."

கரடி முயலை முதுகில் சுமந்து போனது. குட்டிகள் ஓடி வந்தன. "அம்மாவுக்கு என்ன ஆச்சு?"

"பாதையில ஒரு கல்லு..." என்று முயல் தொடங்கியது.

"கல்லு இல்ல" என்றது கரடி. "கயிறு தொய்ஞ்சது எனக்குத் தெரியும். நின்னா நரிங்க சிரிக்கும்னு நிக்காம வந்துட்டேன்."

கடைக்குட்டி கரடியை நிமிர்ந்து பார்த்தது. "நரி சிரிச்சா ரொம்ப வலிக்குமா மாமா?"

கரடி முயலை மெல்ல வளை வாசலில் இறக்கி வைத்தது.

முயலின் கால் கூடியது. ஆனால் கோணலாகக் கூடியது. ஓட்டமே உயிரான முயல் அதன் பிறகு ஓடவில்லை. நொண்டித்தான் நடந்தது. தினமும் காலையில் அதன் வளை வாசலில் ஒரு கட்டுப் புல் இருக்கும். வைப்பது கரடி என்று முயலுக்குத் தெரியும். கரடி ஒருநாளும் நின்று முகம் பார்க்காது.

அந்த விபத்துக்கு மறுநாளே கரடி நாவல் மரத்தடியில் வண்டியை நிறுத்தியது.

"கயிறு கட்டினியா, காயப் போட்டியா?" என்று நரிகள் கூவின.

அது தன்னுடைய வார்த்தைதான் என்று கரடிக்குத் தெரியும். காது சுட்டது. தலை குனிந்தபடியே ஒவ்வொரு கயிறாக இழுத்து இறுக்கி, ஒவ்வொரு கட்டையையும் அசைத்துப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பியது.

பாரம் கொண்டுபோகிறவர் பிறர் சிரிப்புக்கு வெட்கப்பட்டுக் கயிற்றை இறுக்காமல் விட்டால், அவரை நம்பிப் பின்னால் வருகிறவருக்குத்தான் அடி விழும்.