முழங்கை வரை ஈரம்

அன்று பாடக்கூடத்தில் இருந்தவர்கள் இவர்கள்: ஆசிரியை தில்லைநாயகி அம்மையார். அவரிடம் பாடம் கேட்க வந்து, அந்தப் பாடசாலையிலேயே தங்கிவிட்ட ஆவுடையப்பன். அடுக்களையை ஆண்ட பிச்சம்மாள். மேலப்பாறையிலிருந்து வந்திருந்த சண்முகவடிவு. கண்ணாடித் தொட்டியில் ஒரு கறுப்பு மோலி மீன்.

இறந்த மீன்கள் இக்கணக்கில் சேரா.

ஆவுடையப்பன் ஆசிரியையைவிட இருபது வயது மூத்தவர். நகராட்சிக் குடிநீர்ப் பிரிவில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய வலது சட்டைக் கை எப்போதும் சுருட்டப்பட்டிருக்கும். எப்போதும் நனைந்திருக்கும்.

"அம்மா, இது இன்னும் கல்லுக்குப் பின்னாலேயே ஒடுங்கிக் கிடக்கிறது. மருந்து விடட்டுமா?"

"காலையில் என்ன விட்டீர்கள்?"

"உப்பு."

"நேற்று?"

"தண்ணீர் முழுவதையும் மாற்றினேன். சுத்தமான தண்ணீர். நானே காய்ச்சி ஆற்றியது."



மேலப்பாறையில் ஒரு படிப்பு வட்டம் இருந்தது. வயலிலும் கட்டடத்திலும் உழைத்துவிட்டு மாலையில் கூடிப் பழைய நூல்களைப் படிக்கிறவர்கள். அவர்களுக்கு ஓர் ஆசிரியர் வேண்டியிருந்தது. ஆவுடையப்பனுக்கு அந்த இடம் வேண்டியிருந்தது.

"எனக்கு மாணவர்களைத் தாருங்கள்" என்று அவர் கேட்டபோது, "முதலில் மீன்களை வைத்துப் பாருங்கள்" என்றார் அம்மையார்.

அவர் சிரித்துவிட்டார். "ஓர் ஊருக்கே தண்ணீர் கொடுத்தவன், அம்மா, நான்."

"ஊர் குடித்தது. மீன் அதில் வாழ வேண்டும். அவர்கள் அழைக்க வரும் நாளில் ஒரு மீனாவது உயிரோடு இருந்தால் நீங்கள் போகலாம்."

அழைத்துப் போகத்தான் சண்முகவடிவு வந்திருந்தாள். பேருந்து வரும் நேரம். கட்டிய பை கதவருகே இருந்தது. மீன் கல்லுக்குப் பின்னால் இருந்தது.

ஆவுடையப்பன் பைக்கும் தொட்டிக்கும் இடையே நடந்தார். கண்ணாடியை விரலால் தட்டினார். குனிந்தார். மறுபடி நடந்தார்.

"இஞ்சினியர் ஐயா, சொல்லுதேன்னு கோவிச்சுக்கிடாதீங்க" என்றாள் பிச்சம்மாள். "அந்த வலது கைய மட்டும் வெட்டித் தந்துருங்க. சட்டைக் கையத்தான் சொல்லுதேன். கரித்துணிக்காவது ஆவும்."

அவர் காதில் அது விழவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்துச் சண்முகவடிவிடம் விரித்துக் காட்டினார்.

"மேலப்பாறைக்குக் கால அட்டவணை போட்டாச்சு. வந்து உட்காந்ததுல இருந்து எந்திரிக்கிறது வரைக்கும் ஒரு நிமிஷம் வீணாகாது. யாரு எப்படிப் படிக்காங்கன்னு மட்டும் சொல்லு."

"எல்லாரும் படிப்பாங்க, அண்ணாச்சி. கொத்தனார் ஞானமுத்துதான் வாயே தொறக்க மாட்டாரு. வாசப்படி ஓரத்துல உக்காந்திருப்பாரு."

"முன்வரிசைக்குக் கொண்டாந்துருவேன். ஒரே வாரத்துல பேச வச்சிருவேன்."

சண்முகவடிவு தலையாட்டினாள். அம்மையார் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆவுடையப்பன் அவர் பக்கம் திரும்பினார்.

"தவறுகளிலிருந்துதானே, அம்மா, கற்க முடியும்? ஒவ்வொன்றிலும் கற்றிருக்கிறேன். முதலில் தொட்டியைச் சோப்புப் பொடி போட்டுக் கழுவிவிட்டேன். அதை விட்டொழித்தேன். அடுத்து, புதுத் தண்ணீரில் எல்லா மீன்களையும் ஒரே நாளில் இறக்கினேன். அதையும் விட்டேன். பிறகு இரை மிகுந்துபோயிற்று. இப்போது அளந்து போடுகிறேன்."

"நீங்கள் கற்றீர்கள்" என்றார் அம்மையார். "மீன்கள்?"

ஆவுடையப்பன் தொட்டியைக் காட்டினார். 

"ஆனால் இது ஒன்று இன்னும் இருக்கிறதே. கற்றதன் பலன் இல்லையா இது?"

அம்மையார் எழுந்தார். மூலையில், பாடசாலையின் புத்தகங்களைத் தைக்கும் நூல் கிடந்தது. வளையமாகச் சுற்றிய ஒரு சிட்டத்தை எடுத்து வந்தார்.

"கைகளை நீட்டுங்கள்."

நீட்டினார். அம்மையார் சிட்டத்தை அவருடைய இரு மணிக்கட்டுகளிலும் மாட்டினார். நூலின் நுனியைப் பிச்சம்மாளிடம் கொடுத்தார்.

"சுற்று."

"இப்போதா, அம்மா? பேருந்து வந்துவிடும்" என்றார் ஆவுடையப்பன்.

"வரட்டும்."

பிச்சம்மாள் உருண்டை சுற்றத் தொடங்கினாள். அவள் எதையும் விரைந்து செய்தவள் அல்லள்.

தொட்டியில் வால் ஒன்று அசைந்து நின்றது. ஆவுடையப்பனின் தோள் முன்னே பாய்ந்தது. நூல் இழுத்தது.

"அசையாதீங்க ஐயா! சிக்கு விழுந்துச்சுன்னா நீங்கதான் உக்காந்து எடுக்கணும்."

"அது சாகிறது, அம்மா."

"தொட்டி ஏன் இப்படிப் பளபளக்கிறது?" என்று கேட்டார் அம்மையார்.

"தினமும் தேய்க்கிறேன். கண்ணாடி, கூழாங்கல், வடிகட்டும் பஞ்சு, எல்லாவற்றையும்."

"தேய்க்க வேண்டும் என்று யார் சொன்னார்கள்?"

"யாரும் சொல்லவில்லை. தேய்க்கக் கூடாது என்றுகூட எனக்குத் தெரியும். மீனின் கழிவு மீனுக்கே நஞ்சு. அதைத் தின்கிற கிருமிகள் பஞ்சிலும் கல்லிலும் பிடித்து வளர வாரக்கணக்கில் ஆகும். அதுவரை பொறுத்திருக்க வேண்டும்."

"தெரிந்துமா?"

"கல்லில் வழுவழுப்பைக் கண்டதும் கை நிற்பதில்லை, அம்மா. பணியில் இருந்த காலமெல்லாம் கிருமியைக் கொன்ற கை."

நூல் ஓடியது. அவருடைய விரல்கள் காற்றில் எதையோ தேய்த்துக்கொண்டிருந்தன.

"மற்ற மீன்கள் எங்கே கிடந்து செத்தன?"

"நடுத்தொட்டியில்."

"இது?"

"இது நடுவுக்கே வருவதில்லை. வந்த நாளிலிருந்து அந்தக் கல்லுக்குப் பின்னால்தான். நோய் என்று எண்ணி எத்தனையோ முறை வலையால் விரட்டிப் பார்த்தேன்."

"அங்கே என்ன இருக்கிறது?"

"ஒன்றுமில்லை. பாசி. கல்லுக்கும் கண்ணாடிக்கும் நடுவே குறுகலான சந்து. பிரஷ் நுழையாது. அங்கே என் கை..."

அவர் நிறுத்தினார்.

பிச்சம்மாளும் சுற்றுவதை நிறுத்திவிட்டுத் தொட்டியைப் பார்த்தாள்.

கல்லின் பின்புறத்தில் மட்டும் பச்சை படிந்திருந்தது. மற்ற இடமெல்லாம் விளக்கி வைத்த பாத்திரம்போல வெறுமையாக இருந்தது. மீன் தலையைச் சாய்த்து அந்தப் பச்சையைக் கொறித்தது. சற்று விலகியது. திரும்பி வந்து மறுபடி கொறித்தது.

"சுற்று" என்றார் அம்மையார்.

தெருமுனையில் பேருந்து ஒலி எழுப்பியது. சண்முகவடிவு எழுந்து நின்றாள்.

"அம்மா, அண்ணாச்சி வரலாமா, கூடாதா? ஒரு வார்த்தை சொல்லிருங்க. அங்க எல்லாரும் பாத்துக்கிட்டு இருப்பாங்க."

"மீன் உயிரோடுதான் இருக்கிறது. இனி அவரைக் கேள்."

கடைசி இழை மணிக்கட்டைவிட்டு நழுவியது. கைகள் விடுபட்டன. அவை எங்கே போகும் என்பதில் பிச்சம்மாளுக்கு ஐயமே இல்லை. தரை துடைக்கும் துணியைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

கைகள் எங்கும் போகவில்லை.

"சண்முகவடிவு."

"சொல்லுங்க, அண்ணாச்சி."

"அந்த ஞானமுத்து, பேசாட்டாலும் தினமும் வாராரா?"

"மழையிலயும் வருவாரு. ஒரு நாள் தவறமாட்டாரு."

"அதே வாசப்படி ஓரத்துலயா?"

"ஆமா. அதுதான் அவரு எடம்."

பேருந்து இரண்டாம் முறை ஒலித்தது.

ஆவுடையப்பன் கால அட்டவணையை மடித்து மருந்துப் புட்டியின் அடியில் வைத்தார். சுருட்டியிருந்த சட்டைக் கையை மணிக்கட்டு வரை இறக்கினார். ஈரம் சொட்டிற்று. பொத்தானைப் போட்டார். 

வாசலுக்குப் போகும் வழி தொட்டியை ஒட்டியது. அவர் அதைக் கடந்தார். குனியவில்லை, திரும்பவில்லை. கதவருகே இருந்த பையை எடுத்துக்கொண்டு சண்முகவடிவோடு வெளியே போனார்.