வலி போனவர்

"சூசைக்கு ஏன் மேடம் ஊசி போடல?"

கேட்டவர் கண்ணபிரான். இருபத்தெட்டு வருஷம் பஸ் கண்டக்டராக இருந்தவர். டிக்கெட்டைக் கையில் வாங்கிப் பார்க்காமல் யாரையும் நம்பியதில்லை. ஓய்வு பெற்றதும் அக்குபங்சர் கற்றுக்கொள்ள வந்தார். வந்த இடத்திலும் அதே புத்திதான்.

குரு செண்பகவல்லி அவரைவிடப் பதினைந்து வயது இளையவள்.

"போட்டா வலி போயிடும்ணே," என்றாள்.

"அதுக்குத்தானே வந்தாரு?"

அவள் ஊசிப் பெட்டியை மூடிவிட்டுக் கை கழுவப் போனாள்.

சூசை கொத்தனார். காலையிலிருந்து இடது தோளில் வலி. தாடை வரைக்கும் இழுக்கிறது என்றார். நெற்றியெல்லாம் வியர்வை. நாடி பார்த்த செண்பகவல்லி, "நெஞ்சு சம்பந்தமா இருக்கலாம். உடனே பெரியாஸ்பத்திரிக்குப் போங்க," என்று சொல்லி ஆட்டோவுக்குப் போன் செய்தாள். அவர் ஆட்டோவுக்காகக் கீழே வாசலில் உட்கார்ந்திருந்தார்.

கண்ணபிரானுக்குச் சந்தேகம் முற்றியது. தோள்வலிக்கான புள்ளி இவளுக்கே தெரியாதோ? இல்லை, நான் பக்கத்தில் நின்றதால் காட்டாமல் மறைக்கிறாளா? கற்றுத்தருகிறேன் என்று மூன்று வருஷமாக இப்படித்தான் ஏமாற்றுகிறாளா?

பார்த்துவிடலாம் என்று தன் ஊசிகளை எடுத்துக்கொண்டு படியிறங்கினார்.

கால் மணி நேரம் கழித்து ஏறி வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"நீங்க மறைச்சாலும் எனக்குக் கை வந்துடுச்சு மேடம்."

"என்ன செஞ்சீங்க?"

"சூசைக்கு நான் போட்டேன். மணிக்கட்டுக்கு மேல ஒண்ணு, தோள்ல ரெண்டு."

அவள் துண்டைக் கீழே வைத்தாள்.

"வலி?"

"சுத்தமாப் போயிடுச்சு."

"ஆட்டோ?"

"அவரே திருப்பி அனுப்பிட்டாரு. வலிதான் போயிடுச்சே, இனிமே எதுக்கு ஆஸ்பத்திரின்னு கேட்டாரு."

சொல்லிக்கொண்டிருந்த கண்ணபிரானின் குரல் கடைசியில் இறங்கியது. சிரிப்பும் போயிற்று.

செண்பகவல்லி அதற்குள் செருப்புகூடப் போடாமல் பாதிப் படி இறங்கியிருந்தாள்.

"எங்க போறேன்னு சொன்னாருண்ணே?"

இருபத்தெட்டு வருஷம், பஸ்ஸில் ஏறினவர்களிடமெல்லாம் கண்ணபிரான் அதைத்தான் கேட்டார்.

இவரிடம் கேட்கவில்லை.